மெதெயீன் அக்காவின் நாலு மணி நடை

இத்தாலியில், பலெர்மோவில் நான் இருந்த இத்தனை வருடத்தில், பஸ் சாரதி ஒருவர் பயணியிடம் மன்னிப்புக் கேட்டதை ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். கேட்க வைத்தவர் மெதெயீன் அக்கா. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தடியில் ஏறி வந்துகொண்டிருந்தோம். யாரோ ஒரு வெளியூர்க்காரி எத்தனையாவது தரிப்பில் இறங்குவது என்று கேட்க, சாரதி நாலாவது என்றார். அக்கா பின்னால் இருந்து ஐந்தாவது என்றார். சாரதி சிரித்தார். அக்கா எங்களுடைய தரிப்பில் இறங்காமல் அங்கேயே இருந்து, விரல் மடித்து எண்ணி, ஐந்தாவதில் அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு, சாரதி தலை குனிந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் இறங்கினார். வந்த வழியே நடந்து திரும்பினோம். என் கையில் ஐந்து கிலோ அரிசி.

இதை இறுமாப்பு என்று நினைத்தவர்கள் உண்டு. இறுமாப்பு இல்லை. பிழையான ஒன்று காதில் விழுந்தால் அவருக்கு உடம்பு முழுக்கக் கடிக்கும், அவ்வளவுதான். ஒன்பது சுற்று என்று சொல்லிவிட்டு எட்டோடு நின்ற கோயில் ஐயரிடம், "ஐயா, இன்னும் ஒண்டு இருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவர். ஐயர் நல்ல மனுசர், சுற்றி முடித்தார். ஆனால் அதன்பிறகு அக்கா கோயிலுக்கு வரும் நாட்களில் அவருடைய மந்திரம் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் லிபெர்த்தாவில் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் வேலை செய்தோம். காசுக்காரர்கள் இருக்கிற பகுதி. நான் ஒரு பல் டொக்டர் வீட்டில் சமையலும் பிள்ளை பார்ப்பும். எதிர்க் கதவில் அக்கா, எண்பது தாண்டிய வீட்டுக்கார அம்மா ஒருவரை, சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கியிருந்தார். சிஞ்ஞோரா பிறந்தது கொலம்பியாவில், மெதெயீன் என்ற ஊரில். தகப்பன் சிசிலிக்காரர், அங்கே ஒரு நெசவாலையில் தறி திருத்தப் போனவர். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு திரும்பி வந்த சிஞ்ஞோரா, அதன்பின் ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. முதுமையில் நினைவு பின்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போய் அந்தப் பதின்மூன்றில் நின்றுவிட்டது. கல்யாணம், கணவர், பலெர்மோ எல்லாம் அழிந்துபோயின. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு மேலங்கியைப் போட்டு, கைப்பையை எடுத்து, வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போ என்பார்.

அக்காவுக்கு முன் மூன்று பேர் அந்த வேலைக்கு வந்து போனார்கள். ஒருத்தி நாளைக்குப் போவோம் என்று சொல்லிச் சமாளித்துப் பார்த்தாள். இன்னொருத்தி கதவைப் பூட்டித் திறப்பை ஒளித்தாள். மூன்றாவது ஆளுக்குக் கையில் கடி விழுந்தது.

அக்கா வந்த முதல் நாள் நான் மாடிப்படி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. இன்றைக்கு யாருக்குக் கடி என்று பார்க்கத்தான் நின்றேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் கேட்பதற்கு முன் எவடம் என்று கேட்போம். ஊரைச் சொன்னால் போதாது, எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, சந்தியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்கிற ஆளுக்கு அந்த ஒழுங்கையில் ஒரு சொந்தக்காரர் அகப்படும் வரைக்கும் விடமாட்டார்கள். எனக்கு இந்த விசாரணை அடியோடு பிடிக்காது. அக்கா அன்றைக்குத் தன் உடைந்த இத்தாலியனில் அதையேதான் செய்தார். நீங்கள் எவடம், சிஞ்ஞோரா? எந்தக் கோயிலடி?

சிஞ்ஞோராவின் கை கதவுப் பிடியிலிருந்து கழன்றது. "பிராதோ" என்றார். பிராதோ மெதெயீனில் ஒரு குறிச்சி. சப்பாத்து போடுகிற வாங்கில் இரண்டு பேரும் இருந்தார்கள். எந்தத் தெரு, மேட்டிலா பள்ளத்திலா, தேவாலயம் இடப்பக்கமா வலப்பக்கமா. நான் உலையில் வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். அக்காவுக்கு விட முடியவில்லை. சிஞ்ஞோரா ஏதாவது கேட்கும்போது தான் பிழையாக ஒன்றைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். வீட்டில் சிஞ்ஞோராவின் தகப்பன் விட்டுப்போன தடித்த ஸ்பானியப் புத்தகம் ஒன்று இருந்தது, படங்களும் வரைபடங்களுமாக. அதன் பக்கங்களைக் கைப்போனில் படம் பிடித்து, மொழிபெயர்ப்பில் போட்டு, வரி வரியாக வாசித்தார்.

இதிலே ஒரு கஷ்டம். யாழ்ப்பாணத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. தட்டை நிலம், எந்தப் பக்கம் போனாலும் கடல். இந்த ஊரோ மலைகளுக்கு நடுவே, ஒரு பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றின் இரண்டு கரையிலும் கிடக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று அக்கா முதலில் கேட்டபோது, சிஞ்ஞோரா அவரை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தாராம். பிறகு ஒருநாள் காலை ஏழு மணிக்கு அக்கா என் கதவைத் தட்டினார். கையில் வரைபடம், முகத்தில் சரியான கலக்கம்.

"தங்கச்சி, இந்த ஆறு தெற்கிலை துவங்கி வடக்கை போகுதாம். தண்ணி எப்பிடியடி மேல்நோக்கி ஏறும்?"

வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது, அதனால் ஆறு மேட்டில் ஏறுகிறது என்று நினைத்துவிட்டார். தாளை மேசையில் கிடத்தி விளங்கப்படுத்தினேன். அரை மணித்தியாலம் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி வழியில் சந்தேகம் வந்துவிட்டது, நானும் அதே மண்தானே.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்டில் மூன்று மாடி ஏறுகிற நேரத்துக்குள் எனக்கு இருநூறு வருடம் ஓடும். முதல் குடிசைகளைத் தெற்கே எல் பொப்லாதோவில் போட்டார்களாம். பிறகு அங்கிருந்து பெயர்ந்து, சாந்த எலேனா என்கிற ஓடை ஆற்றோடு சேருகிற பக்கத்துக்கு வந்தார்களாம். கந்தெலாரியா மாதா பெயரில் ஊர் எழும்பிற்றாம். தலைநகரம் அப்போது வேறெங்கோ இருந்ததாம், அதையும் பிறகு இவர்கள் தட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். வெறிகாரன் மாதிரி வளைந்து வளைந்து போன ஆற்றைப் பிடித்து வாய்க்கால் போல நேராக்கினார்களாம், ஓடையை மூடி மேலே ரோட்டுப் போட்டார்களாம். கோப்பி வந்ததாம், ரயில் வந்ததாம், நெசவாலை வந்ததாம். மலைச் சரிவெல்லாம் வீடு ஏறிற்றாம். புத்தகத்துக்குப் பிறகு நடந்ததைப் போனில் தேடிப் பிடித்திருந்தார், இப்போது அந்த வீடுகளுக்குக் கம்பியில் தொங்குகிற வண்டியில் போகிறார்களாம். "அது சிஞ்ஞோராவுக்குத் தெரியாது, அவவின்ரை காலத்திலை அது இல்லை, அவவுக்கு முன்னாலை வாய் தவறியும் கம்பி வண்டியைக் கதைச்சிடாதை" என்று எனக்குக் கட்டளை வேறு. நான் ஏன் கதைக்கப் போகிறேன்! எனக்கு வேறு வேலை இல்லையா?

எங்கள் சனம் அவருக்கு மெதெயீன் அக்கா என்று பெயர் வைத்தது அந்தக் காலத்தில்தான். கலியாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில், அக்கா வருகிறார் என்றால் சோற்றுக் கோப்பையோடு இடம் மாறுவார்கள். யாழ்ப்பாணத்தில் சின்னம்மாவோடு இருந்த அவருடைய மகள் ஒருநாள் போனில் என்னிடம் முறைப்பட்டாள். "அம்மா சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறதுக்கு முதல் ஓடையை எப்ப மூடினவை எண்டு சொல்லுறா, அன்ரி."

அந்த மகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அக்காவின் மனுசன் இல்லை. எப்படி இல்லை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளையைச் சிறுமியாக விட்டுவிட்டு வந்தவர், பல வருடம் பெர்மெஸ்ஸோ என்கிற இருப்புரிமைக் கடதாசி இல்லாமல் திரிந்து, அது கிடைத்ததே அப்போதுதான். இனி மகளைக் கூப்பிடலாம். ஆனால் மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும், அதற்குப் பிறகு சட்டத்தின்படி அவள் பிள்ளை இல்லை. விண்ணப்பத்துக்கு வேலை ஒப்பந்தம் வேண்டும், இருக்க வீடு காட்ட வேண்டும். இரண்டுமே சிஞ்ஞோராவின் வீடுதான். சிஞ்ஞோரா அந்த வீட்டில் இருக்கும் வரைக்கும்தான் அக்காவுக்கு ஒப்பந்தம். மகளுக்குப் பதினேழு முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நாலு மணிக்கு அக்கா என்ன செய்வார் என்றால், கதவைத் திறந்துவிடுவார். வாருங்கள் வீட்டுக்குப் போவோம் என்று அவர் சொன்னதே இல்லை. அப்படிச் சொன்னால் பொய்யாகிவிடும். எந்தப் பக்கம், சிஞ்ஞோரா, என்று கேட்பார். சிஞ்ஞோரா வழி சொல்லுவார். செங்கல்லில் கட்டின பெரிய தேவாலயத்தைத் தாண்டு, பூங்காவைச் சுற்று, மூடின ஓடைக்கு மேலால் கட, கந்தெலாரியா கோயிலடியில் நில். வியா லிபெர்த்தா என்கிற பெருந்தெருவின் மரங்களுக்குக் கீழே இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு மெதெயீனில் நடப்பார்கள். சிஞ்ஞோராவுக்கு வழி மறந்து கால் தடுமாறினால் மட்டும், இதற்கு அடுத்தது வலப்பக்கம் அல்லவா, மேடு தொடங்கும் அல்லவா என்று அக்கா எடுத்துக் கொடுப்பார். எத்தனை காலடியில் எந்தத் திருப்பம் என்று கணக்காக வைத்திருந்தபடியால், சுற்று முடிகிற இடம் எங்கள் கட்டடத்து வாசலாக இருக்கும். பிராதோ வந்துவிட்டது என்று சிஞ்ஞோராவே சொல்லுவார். மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கோப்பி கேட்பார். ஒருநாள் தப்பாமல் இது நடந்தது.

இதிலே ஒரேயொரு சிக்கல் கடல். மெதெயீனில் கடல் இல்லை, பலெர்மோவில் எட்டிப் பார்க்கிற தெருவெல்லாம் கடல். மொட்டைமாடியில் கடல் இருக்கிற வடக்குப் பக்கம் தெரியாமல் அக்கா எப்போதும் படுக்கை விரிப்புக் காயப்போட்டிருப்பார். காய்ந்தாலும் எடுக்கமாட்டார், நான் சண்டை பிடித்தும் பார்த்தேன். தண்ணீர் தெரியாத தெருக்களாகப் பார்த்துப் பார்த்துப் போவார். ஒருநாள் தெருவைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். வேறு வழியால் திரும்பினோம், தெரு முடிவில் நீலமாக, முழுதாக, கடல். சிஞ்ஞோரா நின்றுவிட்டார். இது என்ன என்று அக்காவைக் கேட்டார்.

நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். ஏரி என்று சொல்லேன், கண்ணாடி என்று சொல்லேன், எதையாவது சொல்லித் தொலையேன். அக்காவின் உதடு இரண்டு தரம் அசைந்தது. கடல் என்றார்.

சிஞ்ஞோரா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. கடலுக்கு ரோட்டுப் போட்டு முடித்துவிட்டார்களே, என் ஆயுளில் முடிக்கமாட்டார்கள் என்று அப்பா சொன்னார், என்றார். பிறகுதான் அக்கா எனக்கு விளக்கினார். மலைகளை வெட்டி மெதெயீனிலிருந்து கடலுக்கு ஒரு ரோட்டுப் போட அந்த ஊர்ச் சனம் வருடக்கணக்காகப் பாடுபட்டதாம். சிஞ்ஞோரா புறப்பட்ட காலத்தில் அது அரைகுறையாகக் கிடந்ததாம். அன்று மாலை அக்கா மொட்டைமாடி விரிப்புகளை எடுத்து மடித்து வைத்தார்.

ஆனால் விதி விடவில்லை. சிஞ்ஞோராவின் மகன், வக்கீல், அதே நகரத்தில் இன்னொரு பகுதியில் இருந்தவர், தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். கெட்ட மனுசர் இல்லை. தாய் தன்னை யாரோ தறி வேலைக்காரன் என்று நினைத்துச் சம்பளம் கூட்டமுடியாது என்று சொன்ன நாளிலிருந்து மனம் விட்டுப்போயிருந்தார். முதியோர் வைத்தியம் படித்த ஒரு டொக்டர் வியாழக்கிழமை வீட்டுக்கு வருவார், அவர் சொல்வதுதான் முடிவு என்றார்.

அதற்கு முந்தைய ஞாயிறு, சாந்த ரொசாலியா மாதாவிடம் மலை ஏறினோம். எங்கள் சனம் சைவமாக இருந்தாலும் அந்த மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறும். அக்கா மகளுக்காக நேர்ந்திருந்தார். வழி முழுக்க நாங்கள் நாலு பேர் அவருக்குப் புத்தி சொன்னோம். டொக்டர் எது கேட்டாலும் ஓம் என்று சொல்லுங்கோ. சிஞ்ஞோராவுக்குத் தான் இருக்கிற இடம் தெரியுமோ என்று கேட்டால் தெரியும் என்று சொல்லுங்கோ. மகளை நினையுங்கோ. அக்கா கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினார். உச்சியில் நின்று கீழே நகரத்தைப் பார்த்தார். சரி, மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"இது பள்ளத்தாக்கு இல்லை" என்றார். "பள்ளத்தாக்குக்கு ரெண்டு பக்கமும் மலை வேணும். இது விளிம்பு உடைஞ்ச சட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு மாதா சன்னிதியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். மாதா தமிழ் விளங்காதவள் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை டொக்டர் வந்தார். அக்காவுக்குப் பதற்றம் வந்தால் இத்தாலியன் ஓடிவிடும். அதனால் மகன் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். இது கடவுள் தந்த வழி என்று எனக்குப் பட்டது. அக்கா எதைச் சொன்னாலும் என் வாயால்தானே வெளியே வரவேண்டும்.

டொக்டர் முதலில் சிஞ்ஞோராவிடம் இது எந்த நகரம் என்று கேட்டார். மெதெயீன், உமக்குத் தெரியாதா என்றார் சிஞ்ஞோரா. மகன் கண்ணை மூடிக்கொண்டார். டொக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். இவருக்குத் தான் எங்கே இருக்கிறேன் என்று எப்போதாவது தெரிகிறதா?

 அக்கா மகளின் படம் வைத்த போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். தமிழில் சொன்னார்.

"இல்லை. அவ பலெர்மோவிலை இல்லை. ஆனா மெதெயீனிலை எங்கை நிக்கிறா எண்டு அவவுக்குச் சரியாத் தெரியும்."

நான் இத்தாலியனில் சொன்னேன்: அநேகமான நாட்களில் தெரிகிறது டொக்டர், இன்றைக்குக் கொஞ்சம் களைப்பு.

ஓடிப்போன இத்தாலியன் அக்காவுக்கு அந்தக் கணமே திரும்பி வந்துவிட்டது. இவ சொன்னது பிழை, நான் அப்படிச் சொல்லவில்லை என்றார். பலெர்மோ என்று ஒரு ஊர் இருப்பதே சிஞ்ஞோராவுக்குத் தெரியாது என்றார். என்னைக் கையால் தள்ளிவிட்டுத் தானே முன்னால் வந்தார். எனக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். வெளியே ஓடப் பார்ப்பாரா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும், நாலு மணிக்கு, என்றார் அக்கா. அப்போது என்ன செய்வீர்கள்? கதவைத் திறப்பேன். எங்கே போவீர்கள்? அவருடைய வீட்டுக்கு. அங்கே போய்ச் சேருவாரா? இதுவரைக்கும் ஒருநாளும் சேராமல் விட்டதில்லை என்றார் அக்கா. பிறகு அந்த நடையை முதலிலிருந்து கடைசி வரைக்கும், காலடிக் கணக்கோடு சொன்னார். நடுவில் சிஞ்ஞோரா குறுக்கிட்டு, ஆறு தேவாலயத்துக்குக் கிழக்கே என்றார். "மேற்கே, சிஞ்ஞோரா" என்றார் அக்கா. சிஞ்ஞோரா மேசையில் தட்டினார். அக்கா புத்தகத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் டொக்டரை மறந்து, மூன்று பாஷையில், ஓர் ஆற்றுக்காகச் சண்டை பிடித்தார்கள். மகன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாய் ஒரு விஷயத்தில் இவ்வளவு நேரம் நின்று பேசி அவர் பார்த்துப் பல வருடம்.

டொக்டர் தன் ஃபைலை மூடினார். இடம் தெரியாத ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தினமும் வீடு போய்ச் சேருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மகனிடம், எந்த இல்லத்தில் நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று கேட்டார்.  போகும்போது மகன் அக்காவிடம் வந்து, அந்த வீடு என்ன நிறம் என்று அம்மா சொன்னாரா என்று கேட்டார். மஞ்சள், ஜன்னல் சட்டம் பச்சை என்றார் அக்கா. அவர் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அதன்பிறகு இல்லத்துப் பேச்சு எழவில்லை, ஒப்பந்தம் அப்படியே நீடித்தது. விண்ணப்பம் மகளின் பிறந்தநாளுக்கு மூன்று கிழமை முந்தி உள்ளே போனது.

நான் அக்காவோடு பதினொரு நாள் கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் கதவைத் தட்டி, நான் மொழிபெயர்த்ததில் வேறு இரண்டு பிழையும் இருந்தது என்று சொன்னார். அவரோடு எப்படிக் கோபமாக இருப்பது? சிரித்துவிட்டேன். எனக்கு அவரில் சரியான பட்சம், அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பிற்காலத்தில் சிஞ்ஞோரா அமைதியாகக் கண்மூட, அக்கா வேலை தேடி இத்தாலியின் வடக்கே போய்விட்டார்.

மகள் வந்தது அதற்கெல்லாம் முந்தி, ஒரு மத்தியானம். விமான நிலையத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். கதவு திறந்து திறந்து மூடியது, யார் யாரோ வந்தார்கள். கடைசியில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உயரமான ஒரு பெண் வந்தாள். அக்கா விட்டுவிட்டு வந்த சிறுமியை மனதில் வைத்துத் தேடிக்கொண்டு நின்றதால் அவளைத் தாண்டிப் பார்த்தார். அவள்தான் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள்.

"ஒம்பது வருசம் அம்மா" என்று அழுதாள். "ஒம்பது வருசம்."

"எட்டு வருசமும் ஏழு மாசமும்" என்றார் அக்கா.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த நேரத்திலுமா?

மகள் தலையை நிமிர்த்தவில்லை. தாயின் தோளுக்குள் இருந்தே சொன்னாள்.

"பன்ரண்டு நாளும் அம்மா."

அக்கா வாயைத் திறந்தார். திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.